ரெட்வுட் காடு பார்க்க எங்கே போகலாம்? பெற்றோரோடு கிளம்புகிறவர்களுக்கு நான்கு இடங்களின் ஒப்பீடு

ஏப்ரல் பிறந்தால் போதும், கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். ரெட்வுட் மரங்களைக் காட்ட வேண்டும். எங்கே கூட்டிப் போகலாம்?" இந்த வருடம் மூன்று பேர் விரிவாகவே எழுதிக் கேட்டார்கள். ஃப்ரீமான்ட்டில் இருப்பவரின் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. சன்னிவேல்காரருக்கு நான்கு வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள்; கூட மாமனார், மாமியார். மூன்றாவதாக எழுதியவர்கள் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். "கூட்டம் வேண்டாம், உண்மையான காடு வேண்டும்" என்று கேட்டிருந்தார்கள்.

மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால் நான் பலமுறை போய் வந்த நான்கு இடங்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: ஹென்றி கவுல், பிக் பேசின், மியூர் வுட்ஸ், ஹம்போல்ட். இவற்றில் மியூர் வுட்ஸ் மட்டும் மத்திய அரசின் தேசிய நினைவிடம். மற்ற மூன்றும் கலிபோர்னியா மாநிலப் பூங்காக்கள். இந்த வேறுபாடு பின்னால் பணக்கணக்கில் பெரிதாக வரும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரெட்வுட்டைச் செம்மரம் என்று எழுதினால் நம் மனதில் ஆந்திரக் காட்டுச் செம்மரம்தான் வந்து நிற்கும். அது வேறு, இது கலிபோர்னியாக் கடலோரத்தில் வானளாவ வளரும் ஊசியிலை மரம். அதனால் ரெட்வுட் என்றே எழுதுகிறேன்.

முதலில் எதை வைத்து முடிவு செய்வது?

பெரும்பாலானவர்கள் புகழை வைத்து முடிவு செய்கிறார்கள். கூகுளில் முதலில் வருவது மியூர் வுட்ஸ், அதனால் மியூர் வுட்ஸ். என் அனுபவத்தில் காரில் யார் யார் ஏறுகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அவர்களில் யாரால் குறைவாக நடக்க முடியுமோ அவரை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் பார்ப்பது இவற்றைத்தான்:

சாலை. தூரத்தைவிட வளைவு முக்கியம். கொடைக்கானல் ஏறும்போது வாந்தி எடுக்கிறவர் இங்கேயும் எடுப்பார்.

நடை. பாதை சமமாக இருக்கிறதா, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகுமா, உட்கார இடம் இருக்கிறதா.

மரம். எவ்வளவு உயரம், எவ்வளவு பழசு, எவ்வளவு நெருங்கிப் பார்க்கலாம்.

வயிறும் கழிப்பறையும். கட்டுச்சோற்றை விரித்து வைத்துச் சாப்பிட முடியுமா, சர்க்கரை நோய் உள்ளவருக்கு அவசரத்துக்குக் கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா.

கடைசியில் செலவு. நுழைவுச் சீட்டு அதில் ஒரு பகுதிதான்.

| | ஹென்றி கவுல் | பிக் பேசின் | மியூர் வுட்ஸ் | ஹம்போல்ட் |
|---|---|---|---|---|
| சான் ஹோசேயிலிருந்து | ஒரு மணி நேரத்துக்குள் | ஒன்றேகால் மணி நேரம் | ஒன்றரை மணி நேரம், நெரிசலில் கூடும் | ஐந்து மணி நேரம் |
| சாலை | கொஞ்சம் வளைவு | வளைவோ வளைவு | கடைசிச் சில மைல் வளைவு | பெரும்பாலும் நெடுஞ்சாலை |
| எளிய நடை | 0.8 மைல், சமதளம் | 0.6 மைல், சமதளம் | பலகைப் பாதை, வேண்டிய தூரம் வரை | அரை மைல், சமதளம் |
| நான்கு பெரியவர்களுக்கு நுழைவும் நிறுத்தமும் | வண்டிக்கு 10 டாலர் அளவில் | வண்டிக்கு 10 டாலர் அளவில் | 70 டாலரை ஒட்டி | பெரும்பாலான இடங்களில் இலவசம் |
| முன்பதிவு | தேவையில்லை | செய்துவிடுவது நல்லது | கட்டாயம் | தங்குவதற்கு மட்டும் |
| கட்டுச்சோறு | தாராளமாக | சாப்பிடலாம், வசதி குறைவு | காட்டுக்குள் கூடாது | தாராளமாக |

கட்டணங்கள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முந்தைய நாள் பூங்காவின் அதிகாரப்பூர்வப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து பாதை மூடியிருப்பதும் அதில்தான் தெரியவரும்.

ஹென்றி கவுல்: முதல் பயணத்துக்கு

சான்டா குரூஸ் மலையில் ஃபெல்டன் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் இரண்டு நிமிடத்தில் பழைய மரங்களுக்கு நடுவே நிற்கலாம். சுற்றுப்பாதை 0.8 மைல்தான், அதுவும் சமதளம். சக்கர நாற்காலி தடங்கல் இல்லாமல் போகும்.

இங்கே உள்ள பெரிய மரத்தின் உயரம் சுமார் 277 அடி, வயது ஏறக்குறைய 1,500 ஆண்டு. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்த எண்ணை இப்படிச் சொல்லிக் காட்டுவேன்: தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி. இந்த மரம் இரண்டையும்விட உயரம். ராஜராஜன் 1010-இல் பெரிய கோயிலைக் கட்டி முடித்தபோதே இதற்கு ஐந்நூறு வயது ஆகியிருந்தது. இதைச் சொன்னதும் பெரியவர்கள் நின்று மேலே பார்ப்பார்கள். அப்புறம் அவசரப்படுத்தாதீர்கள், அந்த இடத்தில் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

என் அம்மா தென்காசிக்காரர். பொதிகை மலையையும் குற்றாலத்தையும் பார்த்தே வளர்ந்தவர். காடு என்று சொன்னால் லேசில் மயங்க மாட்டார். முதல்முறை இங்கே அழைத்து வந்தபோது மரத்தை அண்ணாந்து பார்க்கவே இல்லை, நேராகப் போய்ப் பட்டையில் உள்ளங்கையை வைத்தார். "இதென்னடா, தேங்காய் மட்டை மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கு?" என்றார். சரியாகச் சொன்னார். ரெட்வுட்டின் பட்டை நார்நாராக, சில மரங்களில் ஓர் அடி தடிமன் வரை இருக்கும். சட்டென்று தீப்பிடிக்காது. உள்ளே துவர்ப்புச் சத்து நிறைந்திருப்பதால் பூச்சியும் அவ்வளவாக அண்டாது. ஆயிரம் வருடம் நிற்க இந்தப் பட்டைதான் பெரிய துணை.

இன்னொன்றையும் அம்மாதான் கண்டுபிடித்தார். வெட்டப்பட்ட ஒரு பழைய அடிமரத்தைச் சுற்றி ஏழெட்டு மரங்கள் வட்டமாக நின்றிருந்தன. "வாழைக்குக் கன்று விட்டாப்பல இருக்கே" என்றார். அதேதான். ரெட்வுட் விதையிலிருந்தும் முளைக்கும், தாய்மரத்தின் அடியிலிருந்தும் கன்று விடும். விதை தக்காளி விதை அளவுதான். காட்டில் வட்டமாக நிற்கும் மரங்களைக் கண்டால் நடுவில் ஒரு தாய்மரம் இருந்து போயிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளிடம் "இந்தக் காட்டில் எத்தனை வாழையடி வாழை இருக்கிறது, எண்ணு பார்ப்போம்" என்று விட்டால் அரை மணி நேரம் அலுக்காமல் நடப்பார்கள்.

அடியில் குடைந்த ஒரு மரமும் இருக்கிறது. 1846-இல் ஃப்ரீமான்ட் என்ற படைத்தலைவர் இதற்குள் தங்கினார் என்று சொல்வார்கள். அவர் பெயரிலேயே மரம் வழங்குகிறது. குழந்தைகள் குனிந்து உள்ளே நுழையலாம். உள்ளே போனதும் இருட்டு கண்ணுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். கைபேசி விளக்கைப் போட்டுவிடாமல் அந்த ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

மழை பெய்து ஓய்ந்த நாளாக இருந்தால் பாதையோரம் மஞ்சள் நிறத்தில் விரல் நீள நத்தை ஊரும், முதுகில் ஓடு கிடையாது. வாழைப்பழ நத்தை என்றுதான் இங்கே பெயர். என் மகள் இதைப் பார்ப்பதற்காகவே டிசம்பரில் போகலாம் என்பாள்.

பணத்தில் வரும் மறைமுகச் செலவு இங்கே ஒன்றுதான், அது பக்கத்தில் ஓடும் நீராவி ரயில். ரோரிங் கேம்ப் என்ற நிலையம் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. காட்டுக்குள் நடக்கும்போதே ரயில் ஊதும் சத்தம் கேட்கும், பிள்ளைகள் உடனே கையைப் பிடித்து இழுப்பார்கள். அது தனியார் ரயில். கட்டணமும் தனி, வண்டி நிறுத்தமும் தனி. நான்கு பெரியவர்கள் ஏறினால் 100 டாலரை எளிதாகத் தாண்டும். ரயில் வேண்டும் என்றால் முன்பே முடிவு செய்து சீட்டு வாங்குங்கள், வேண்டாம் என்றால் அதையும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நடக்க முடியாத பெரியவருக்கு அந்த ரயில் கொடுத்த பணத்துக்குத் தகும் என்பது என் கருத்து. மரங்களுக்கு இடையே மலை ஏறி இறங்கும். உட்கார்ந்தபடியே காட்டைப் பார்த்துவிடலாம்.

இன்னொரு செலவு நேரம். கோடை வார இறுதிகளில் 17-ஆம் நெடுஞ்சாலை முழுக்கக் கடற்கரைக்குப் போகிற கூட்டம். காலை ஒன்பதரைக்குள் ஃபெல்டனில் இருப்பது போலக் கிளம்புங்கள்.

பிக் பேசின்: இரண்டாவது பயணத்துக்கு

கலிபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா இது, 1902-இல் தொடங்கியது. இதற்கும் ஹென்றி கவுலுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஃபெல்டனில் இப்போது நாம் நடக்கும் அந்த மரத்தோப்பு 1867-இலிருந்து வெல்ச் குடும்பத்தின் சொத்து. அவர்கள் வெட்டாமல் காப்பாற்றினார்கள், கூடவே காசு வாங்கிக் காட்டினார்கள். ஆண்ட்ரூ ஹில் என்ற சான் ஹோசே புகைப்படக்காரர் அங்கே படம் எடுத்தபோது, எடுத்த படங்களைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்கள். இந்த மரங்கள் எல்லாருக்கும் சொந்தமாக வேண்டும் என்று அன்றைக்கு அவருக்கு வந்த கோபத்தில் கிளம்பியதுதான் செம்பர்வைரன்ஸ் சங்கம். 1900-இல் பிக் பேசினிலேயே கூடி அதை அமைத்தார்கள், இரண்டே வருடத்தில் அரசு இந்தக் காட்டை வாங்கியது. ஃபெல்டன் தோப்பு மாநிலப் பூங்காவானது 1954-இல்தான்.

2020 ஆகஸ்ட்டில் இடிமின்னலில் பிடித்த பெருந்தீ பிக் பேசினின் சுமார் 97 சதவீதத்தைச் சுட்டது. பழைய தலைமையகக் கட்டடம், முகாம் வசதிகள் எல்லாம் போயின. 2022 ஜூலையில்தான் பகல் நேரத்துக்கு மட்டும், குறைந்த அளவில் மறுபடி திறந்தார்கள்.

"எரிந்த காட்டை எதற்குப் போய்ப் பார்ப்பது?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்த நான்கு இடங்களில் என்னை அதிகம் பாதித்தது இதுதான். அடிமுதல் நுனிவரை கரிக்கட்டையாக நிற்கும் மரம், உடம்பு முழுக்கப் பச்சைக் கம்பளி போர்த்தியது போலத் தளிர்விட்டிருக்கும். கிளை இருந்த இடத்தில் கிளை கிடையாது, தண்டிலிருந்தே கொத்துக் கொத்தாகத் துளிர். பட்டைக்கு அடியில் நூற்றாண்டுக் கணக்கில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் தீக்குப் பிறகு விழித்துக்கொண்டவை அவை. பக்கத்திலேயே டக்ளஸ் ஃபிர் மரங்கள் செத்து எலும்பாக நிற்கின்றன, அவற்றுக்கு அந்த வரம் இல்லை. கரிப் பட்டையைத் தொட்டால் கையில் மை ஒட்டும், அதே பட்டையின் வெடிப்பில் விரல் நீளத்துக்கு இளம்பச்சைத் தளிர் இருக்கும். காட்டின் தந்தை, காட்டின் தாய் என்று பெயர் வைத்த இரண்டு கிழட்டு மரங்களும் பிழைத்துக்கொண்டன. 0.6 மைல் சுற்றுப்பாதையில் இவற்றைப் பார்த்துவிடலாம்.

ஆனால் இது யாருக்கு ஏற்ற இடம் என்பதில் கவனமாக இருங்கள். மேலே விதானம் எரிந்துபோனதால் நிழல் குறைவு, ஜூலையில் மதிய வெயில் நேராகத் தலையில் இறங்கும். "பச்சைப்பசேலென்று இருக்கும்" என்று சொல்லி அழைத்துப் போனால் பெரியவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். பார்வையாளர் மையம், கடை எல்லாம் பழையபடி கிடையாது. குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கழிப்பறைகள் தற்காலிகமானவை. கைபேசிக்கு அலை கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம் அந்தச் சாலை. சாரட்டோகா வழியாக 9-ஆம் எண் சாலையில் ஏறி 236-இல் திரும்பினால் வளைவுக்கு மேல் வளைவு. என் அப்பா பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓரமாக உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு இருந்தார். அன்றைக்கு அவர் எந்த மரத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. சாலை ஒத்துக்கொள்ளாதவரை இங்கே கூட்டிப் போக வேண்டாம் என்பது அன்று நான் கற்றது.

நடக்கத் தெம்புள்ளவர்கள், ஏற்கெனவே ஒருமுறை பச்சைக் காட்டைப் பார்த்தவர்கள், பள்ளியில் அறிவியல் படிக்கும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், இவர்களுக்கு இதைவிட நல்ல இடம் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வருடமும் போய் ஒரே மரத்தை ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். நான் 2022-இலிருந்து எடுக்கிறேன். முதல் படத்தில் தூரிகை போல இருந்த தளிர்கள் இப்போது கிளைகளாகிக்கொண்டிருக்கின்றன.

ஹென்றி கவுலையும் இதையும் ஒரே நாளில் முடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வரைபடத்தில் பக்கம்போலத் தெரியும், மலைச்சாலையில் முக்கால் மணி நேரம் ஆகும். இளையவர்கள் மட்டும் என்றால் சரி. பெரியவர்களோடு வேண்டாம்.

மியூர் வுட்ஸ்: சான் பிரான்சிஸ்கோ பக்கம் எப்படியும் போகிறவர்களுக்கு

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே சில மைல். அணை கட்டுவதற்காக ஒரு தண்ணீர் நிறுவனம் இந்தப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளப் பார்த்தபோது, வில்லியம் கென்ட்டும் அவர் மனைவி எலிசபெத்தும் தங்கள் நிலத்தை மத்திய அரசுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்கள். 1908-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். தன் பெயரை வைக்க வேண்டாம், இயற்கையாளர் ஜான் மியூர் பெயரை வையுங்கள் என்று கென்ட்டே கேட்டுக்கொண்டார்.

பராமரிப்பு நன்றாக இருக்கும். ஓடையை ஒட்டிப் பலகைப் பாதை, அங்கங்கே உட்கார இடம், வாசலில் கழிப்பறையும் சிற்றுண்டிக் கடையும். நடை என்ற அளவில் ஹென்றி கவுலுக்கு நிகர். மிக உயரமான மரம் 258 அடி, அதாவது ஃபெல்டன் மரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. புகழ் அதிகம் என்பதால் மரமும் பெரிது என்று நினைத்துவிட வேண்டாம்.

வேறுபாடு பணத்தில். மாநிலப் பூங்காக்களில் வண்டிக்கு ஒரு கட்டணம், உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் அதுதான். இங்கே 16 வயது ஆன ஒவ்வொருவருக்கும் 15 டாலர். நான்கு பெரியவர்களுக்கு 60. வண்டி நிறுத்த முன்பதிவு தனியாக 10 டாலரை ஒட்டி வரும், 2018-இலிருந்து இது கட்டாயம். திரும்பும்போது கோல்டன் கேட் பாலச் சுங்கம் இன்னொரு 10 டாலர் அளவு. பாலத்தில் காசு வாங்கும் ஆள் கிடையாது, எண் பலகையைப் படம் எடுத்து வீட்டுக்கே ரசீது வந்துவிடும். ஆக 80 டாலர்.

அனுமதி அட்டைகளில் பலர் தடுமாறுவதைப் பார்க்கிறேன். தேசியப் பூங்காக்களுக்கான 80 டாலர் ஆண்டு அட்டை உங்களிடம் இருந்தால் மியூர் வுட்ஸில் உங்களோடு சேர்த்து நான்கு பெரியவர்கள் உள்ளே போகலாம். நிறுத்தக் கட்டணம் மட்டும் தனி. ஆனால் அதே அட்டை ஹென்றி கவுலிலும் பிக் பேசினிலும் செல்லாது. மாநிலத்தின் அட்டை வேறு. 62 வயதானவர்களுக்கான தேசிய முதியோர் அட்டை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும் மட்டும்தான், சுற்றுலா விசாவில் வந்த அம்மா அப்பாவுக்கு அது கிடையாது. "சீனியர் சிட்டிசன்தானே" என்று நம்பி வாசலில் போய் நிற்க வேண்டாம்.

காட்டுக்குள் தண்ணீர் தவிர எதையும் சாப்பிடக் கூடாது. நம் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். புளிசாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்து சாப்பிடும் நிலை வரும். இங்கேயும் கைபேசிக்கு அலை கிடைக்காது, முன்பதிவுச் சீட்டை முன்பே கைபேசியில் இறக்கிவிடுங்கள்.

அப்படியானால் எப்போது போகலாம்? சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிக் காட்டும் நாளில், பாலமும் காடும் ஒன்றாக முடியும் என்றால் போகலாம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே வசிப்பவர்களுக்கும் இதுதான் பக்கம். வார நாளில் காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் கூட்டமே இல்லாமல் ஓடைச் சத்தத்தோடு நடக்கலாம், அது அருமையான நேரம். இதற்காக மட்டும் சான் ஹோசேயிலிருந்து சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கிளம்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வடக்கே இருப்பவர்கள் கெர்ன்வில் ஊர் அருகே ஆர்ம்ஸ்ட்ராங் ரெட்வுட்ஸையும் நினைவில் வையுங்கள். 805 ஏக்கர்தான், ஆனால் 310 அடி மரம் ஒன்று இருக்கிறது. பாதை சமதளம், கூட்டமும் குறைவு.

ஹம்போல்ட்: இரவு தங்க முடிந்தால் மட்டும்

மேலே சொன்ன மூன்றும் தோப்பு என்றால் இதுதான் காடு. சான் பிரான்சிஸ்கோவுக்கு வெகு வடக்கே, 1921-இல் தொடங்கிய பூங்கா, 50,000 ஏக்கருக்கு மேல். அதில் சுமார் 17,000 ஏக்கர் ஒருமுறைகூடக் கோடரி படாத பழங்காடு. இதற்குள் இருக்கும் ராக்கஃபெல்லர் காடு, தொடர்ச்சியாக எஞ்சியிருக்கும் பழைய ரெட்வுட் காடுகளில் உலகிலேயே பெரியது. ஒரு காலத்தில் இந்தக் கடலோரம் முழுக்க இருபது லட்சம் ஏக்கர் அளவுக்கு இருந்த பழங்காட்டில் இன்று மிஞ்சியது ஐந்து சதவீதம் போல. அந்த மிச்சத்தின் பெரிய துண்டு இங்கே நிற்கிறது.

ராட்சதர்களின் சாலை என்று பெயருள்ள பழைய நெடுஞ்சாலை 30 மைலுக்கு மேல் இந்த மரங்களுக்கு நடுவே போகிறது. நடக்கவே முடியாதவரும் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தபடி பார்க்கலாம். கட்டணம் கிடையாது. ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற இடத்தில் அரை மைல் சமதளப் பாதை. அங்கே 1991 மார்ச்சில் சாய்ந்த டயர்வில் ராட்சத மரம் கிடக்கிறது. நிற்கும்போது 360 அடிக்கும் மேல் இருந்தது. விழுந்த சத்தத்தை ஒரு மைல் தள்ளிக் கேட்டவர் ரயில் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தாராம். அதன் வேர்ப்பக்கம் போய் நின்றால் வீடு ஒன்று சாய்ந்தது போல இருக்கும். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர் பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்தைத் தாண்டாது, பக்கவாட்டில்தான் நூறு அடி வரை ஓடி மற்ற மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்ளும். பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான், மிதித்து மிதித்து மண் இறுகினால் மேலோட்டமான அந்த வேருக்கு மூச்சு முட்டும்.

நுழைவு இலவசம் என்றாலும் நான்கில் அதிகச் செலவு பிடிப்பது இதுதான். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம், பெட்ரோல், குறைந்தது ஒரு இரவு விடுதி. கார்பர்வில்லிலோ ஃபார்ச்சூனாவிலோ தங்கலாம், கோடையில் அறை கிடைப்பது சிரமம். சைவச் சாப்பாட்டுக்கு வழியில் பெரிதாக நம்ப முடியாது. மின் குக்கரும் அரிசியும் ஊறுகாயும் வண்டியில் இருக்கட்டும். ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கோடைக் காலையில் இங்கே கடல் மூடுபனி உள்ளே வந்து மரங்களில் படிந்து சொட்டும். மழையே இல்லாத மாதங்களில் ரெட்வுட்டுக்குக் கிடைக்கும் தண்ணீரில் நல்ல பங்கு இதுதான். அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு "சாரல் விழுது, குற்றாலம் மாதிரி" என்றார். அன்றைக்குத்தான் அவருக்கு இந்த ஊர்க் காடு சொந்தக் காடு போல ஆனது என்று நினைக்கிறேன்.

எங்கே போனாலும்

சோற்றுப் பருக்கையைக் கீழே விடாதீர்கள். காக்கைக்குச் சோறு வைப்பது நம் வழக்கம், அம்மா அப்பாவுக்குக் கை தானாக நீளும். இங்கே அது ஒரு பறவையின் உயிரோடு சம்பந்தப்பட்டது. மார்பிள்டு மரலெட் என்ற சின்னக் கடற்பறவை பழைய ரெட்வுட் மரங்களின் உச்சிக் கிளைகளில் முட்டை இடுகிறது. அது எங்கே கூடு வைக்கிறது என்பதே வெகுகாலம் யாருக்கும் தெரியாது. 1974-இல் பிக் பேசினில் மரம் ஏறிய ஒருவர்தான் முதல் கூட்டைக் கண்டார். சிதறிய சாப்பாட்டுக்காக வரும் அண்டங்காக்கையும் நீலநிற ஜே பறவையும் அந்த முட்டைகளையும் தின்றுவிடுகின்றன. சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்து, கீழே விழுந்ததையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அம்மாவிடம் முட்டைக் கதையைச் சொன்னேன், அடுத்த மேசைப் பிள்ளைகள் சிதறியதையும் சேர்த்துப் பொறுக்கினார்.

மூன்று மூன்று இலையாகப் பளபளவென்று இருக்கும் செடியைத் தொடாதீர்கள். பாய்சன் ஓக் என்பார்கள். நம் ஊர்ச் சேங்கொட்டை, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டைப் பால் பட்டால் எப்படிக் கொப்புளிக்குமோ அப்படிக் கொப்புளிக்கும். வேட்டி, சேலையைவிட முழுக்கால் உடை நல்லது.

நான்கு இடத்திலும் கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். மரநிழலில் பத்து டிகிரி குறைந்தாற்போல இருக்கும்.

மாநிலப் பூங்காக்களுக்குப் போகிறவர்கள் முதலில் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள். புத்தகம் எடுப்பதுபோலப் பூங்கா அனுமதி அட்டையையும் நூலக அட்டையில் எடுக்கும் திட்டம் கலிபோர்னியாவில் இருக்கிறது. அது கிடைத்தால் அந்த 10 டாலரும் மிச்சம். கோடை விடுமுறையில் வரிசை நீளும், ஒரு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

எழுதிக் கேட்ட மூவருக்கும்

புதுத் தம்பதிக்கு: ஹம்போல்ட். இரண்டு இரவு, செப்டம்பரில், பள்ளி திறந்த பிறகு. போக முடியாவிட்டால் வார நாளில் பிக் பேசின்.

சன்னிவேல்காரருக்கு: ஹென்றி கவுல். ரயிலுக்கு முன்பே சீட்டு வாங்கிவிடுங்கள், மாமனாரும் நான்கு வயதுப் பிள்ளையும் அதில் உட்காரட்டும். ஏழு வயதுக்காரியோடு நீங்கள் மட்டும் தோப்பைச் சுற்றி வாருங்கள்.

முழங்கால் அறுவை முடிந்த அம்மாவுக்கும் ஹென்றி கவுல்தான். செவ்வாயோ புதனோ, காலை பத்து மணிக்கு. மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துப் போங்கள். முழுச் சுற்றும் நடக்க வேண்டியதில்லை, பெரிய மரம் வரை போய் அதன் எதிரே நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வையுங்கள். பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தயிர்சாதத்தை மேசைக்கு வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.